நீலக் கவரும் கொட்டாங்கச்சியும்

நாற்பதைத் தொட்டுவிட்டோம். கூடினால் முழங்கால் வலி, சர்க்கரை அளவு, பிள்ளைகளின் மார்க் என்று பேச்சு ஒரே தடத்தில் ஓடுகிறது. போன மாதம் நம் ஸ்கூல்காரர்கள் கூடிய இடத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏய், கல்லு மேட்டுல எறா வித்துகினு இருந்தாங்களே, அது உங்கம்மாதானே? பாவம், குப்பத்துக்காரங்க தொரத்திட்டாங்க இல்ல?"

துரத்தியது உண்மைதான். ஆனால் அது முதல் பாதி. உங்களில் பலருக்கு அந்த முதல் பாதி மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. மீதியையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாம் ஏழாவது படித்த வருஷம். திருவொற்றியூர்க் கடல் மணலைத் தின்றுகொண்டே வந்து ரோட்டைத் தொடப் பார்த்ததும், லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார்களே, அந்தக் கல் மேடு. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று டீசல் புகை விடும். இன்னொரு பக்கம் அலை வந்து கல்லில் மோதி, நம் உதட்டில் உப்பு தெறிக்கும். காற்று திரும்பினால் எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி வாடை வரும். அழுகின முட்டை மாதிரி. அந்த வாடைக்கு நடுவில்தான் நாம் ஐஸ் தின்றோம், காதைப் பொத்திக்கொண்டு அலையோடு போட்டி போட்டுக் கத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கல் மேடு தூண்டில்காரர்களுடையது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பிலிருந்தெல்லாம் சைக்கிளிலும் மொபெட்டிலும் வருவார்கள். ஃபிட்டர், கண்டக்டர், மளிகைக்கடைக்காரர், துறைமுகத்து ஆபீஸ்காரர்கள். ஆறு நாள் யாருக்கோ பதில் சொல்லி அலுத்தவர்கள், ஏழாவது நாள் கடலைப் பார்த்து உட்கார வருவார்கள். பதினொரு மணிக்குள் கிழங்கானோ கெளுத்தியோ கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாப்பிட்ட காகிதம், தண்ணி பாக்கெட், பிராந்தி பாட்டில், சிக்கலாகிப்போன நரம்பு எல்லாம் கல் இடுக்கில் கிடக்கும். நரம்பு என்றால் தூண்டில் கட்டுகிற நைலான் கயிறு. முள்ளோடு சேர்த்து அறுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அவர்களுக்கு இரை விற்றவள் என் அம்மா. விடிகிற நேரத்து முதல் பஸ்ஸில் காசிமேடு போய், ஏலத்தில் கழித்துப்போட்ட உடைந்த இறாலை, எங்கள் பேச்சில் எறாவை, கூடையில் வாங்கி வருவாள். நாங்கள் இருந்தது காலடிப்பேட்டையில் ஒரு ஒற்றை அறை வீடு. அம்மா வந்ததும் எறாவைக் கையளவு பிரித்து நீல நிறக் கவர்களில் போட்டு முடிச்சுப் போடுவாள். இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு இழுக்கிற முடிச்சு. ஒட்டிக்கொண்டிருக்கும் கவர்களை எச்சில் தொட்டுப் பிரித்து, ஊதித் திறந்து கொடுப்பது என் வேலை. எறா நாற்றத்தோடு புது பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போயிருந்தது. சுவரில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு அந்தக் கூடையை நம்பித்தான் நின்றது.

என் பக்கத்து சீட்டுத் தோழியை உங்களுக்கு நினைவிருக்கும். குப்பத்துப் பெண். ரிலே ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடி, முன்னால் போனவளையும் பிடித்துவிடுவாளே, அவள்தான். கல் மேட்டில் செருப்பில்லாமல் ஆட்டுக்குட்டி மாதிரி தாவுவாள். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூண்டில்காரர்கள் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் நண்டு பார்க்க இறங்கினோம். எனக்கு முன்னால் தாவியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி?"

"முள்ளு ஏறிச்சுடி," என்றாள். அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

உள்ளங்காலில் தூண்டில் முள் வளைவு வரைக்கும் இறங்கியிருந்தது. அதிலிருந்து நரம்பு நீண்டு கல்லுக்குள் ஓடியது. இழுத்தால் அவள் துடித்தாள். நான் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தேன். மறுமுனையை இழுத்தபோது, சிக்கலோடு சேர்ந்து வந்தது ஒரு நீலக் கவர்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கால் பெருத்துச் சீழ் வைத்தது. ஓடுவதை விடுங்கள், நடப்பாளா என்றே சந்தேகப்பட்டார்கள். அவள் அம்மா மீன் விற்கிறவள். தெருமுனையில் பேசினால் கடலில் இருக்கிறவனுக்குக் கேட்கும் குரல். அவள் அந்த நீலக் கவரைக் கையில் தூக்கிக்கொண்டு குப்பத்துத் தலைவர் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு காலை, அம்மா கூடை இறக்கியதும் நாலைந்து பேர் வந்தார்கள். தோழியின் அம்மா முன்னால்.

"இத்தப் பார்மே. இது உன் கவருதானே?"

"என் கவருதான்," என்றாள் அம்மா.

"எம் பொண்ணு கால்ல முள்ளு ஏத்திட்டு நீ இங்க குந்திகினு யாவாரம் பண்றியா? இந்தக் கலீஜெல்லாம் உன்னாலதான். நீ எறா விக்கிறதாலதான இவனுங்க வந்துகினு கீறானுங்க!"

தலைவர் நிதானமான மனிதர். ஆனால் அன்று அவரும் கல் மேட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது நீலம்தான். பாட்டில் கல் நிறத்தில் கலந்துவிடும். நரம்பு கண்ணுக்கே தெரியாது. "இனிமே இந்தப் பக்கம் கூடய எறக்க வாணாம்மா," என்று சொல்லிவிட்டார்.

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டில் நைனா, "கம்முனு வுடு. அவங்க எடம், அவங்க பேச்சு. நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். அவர் பயந்தாங்கொள்ளி என்று அன்று நினைத்தேன். ஒரு தடவை கீழே விழுந்த மனிதர், வீட்டில் இன்னொருத்தரும் விழக் கூடாது என்று பயந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. அம்மா சும்மா உட்காராமல், மீந்த கவர்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வாரம் முழுக்க யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் தோழியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள் தோழி.

"எங்கம்மா வராத ஞாயித்துக்கெயம குப்ப வுயுந்தா, அது எங்கம்மா போட்டது இல்லதானே?" என்று கேட்டேன்.

அவள் கூரையைப் பார்த்தாள். என்னைவிட அவளுக்கு மூளை அதிகம். "பயய குப்ப நெறைய கெடக்குதே. எது புச்சுன்னு எப்டித் தெரியும்? நாளைக்கே ஒரு எடத்த சுத்தமாக்கிடணும். அப்பறம் ஞாயித்துக்கெயம வுயுறது மட்டும்தான் கணக்கு."

சனிக்கிழமை மத்தியானம் அவள் நொண்டிக்கொண்டே வந்து மேலே உட்கார்ந்தாள். நான் கல் மேட்டில் ஒரு மின் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் கோணியை இழுத்துக்கொண்டு பொறுக்கினேன். கை வெடித்தது. முள்ளை மட்டும் பவுடர் டப்பாவில் போட்டேன். நீலக் கவர்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு கை நிறைய. கல் இடுக்கில், பாசியில், நண்டு வளையின் வாயில். ஒவ்வொன்றிலும் அம்மாவின் முடிச்சு. அவற்றைக் கோணியில் போடாமல் என் ஸ்கூல் பைக்குள் திணித்தேன்.

"அத மட்டும் ஏண்டி பையில போடற?" என்று மேலிருந்து கேட்டாள்.

நான் அடுத்த கவரையும் பைக்குள் திணித்தேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் தூண்டில்காரர்கள் வந்தார்கள். அம்மா இல்லை. யாரோ பழைய எறா கொண்டுவந்திருந்தார்கள், யாரோ வெறும் மாவு உருண்டை. மீன் சரியாக விழவில்லை. "எறாக்காரம்மா எங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் குப்பை மட்டும் குறையவில்லை. மத்தியானம் நாங்கள் போய்ப் பார்த்தபோது, முந்தின நாள் துடைத்து வைத்த அதே இடம் பழையபடி கிடந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவ்வளவு சந்தோஷமாகக் குப்பை பொறுக்கியவள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் ரோட்டோரத்துக் கோயில் வாசலில் தலைவரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் வைக்கப் பயந்து தோளிலேயே மாட்டியிருந்த ஸ்கூல் பையோடு, கோணியை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் கவிழ்த்தேன்.

"இன்னா பாப்பா இது! கோயில் வாசல்ல குப்பையக் கொட்ற?"

"பெரிப்பா," என்றாள் தோழி, ஒற்றைக் காலில் நின்றபடி. "இது இன்னிக்கு வுயுந்த குப்ப. நேத்து அந்த எடத்த நாங்க சுத்தமாக்கிட்டோம். இன்னிக்கு இவங்கம்மா வரவே இல்ல. நல்லாப் பாருங்க."

பாட்டில் ஒரு பக்கம், உடைந்த கண்ணாடி ஒரு பக்கம், தண்ணி பாக்கெட், நரம்புச் சிக்கல் என்று பிரித்து வைத்தேன். பவுடர் டப்பாவைத் திறந்து முட்களைத் தரையில் கொட்டியபோது பெண்கள் சிலர் பின்வாங்கினார்கள். குப்பத்தின் கிழிந்த வலைத் துண்டு ஒன்றும் அந்தக் குவியலில் இருந்தது. தலைவர் அதை மெதுவாகக் காலால் ஓரம் தள்ளியதை நான் பார்த்தேன்.

"ஒரு நீலக் கவரு கூட இல்ல, பாத்துக்கோங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் தோழியின் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் லேசில் மடங்குகிறவள் இல்லை. "இன்னிக்கு வராதவ கவரு இன்னிக்கு எப்டிடி கெடைக்கும்? முன்ன போட்டதுக்கு இன்னா சொல்ற?"

தோழி என் ஸ்கூல் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் மறுத்திருப்பேன். சொல்லாமல் நின்றாளே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுடைய கால் அது. என் பையில் இருந்தது என் அம்மாவின் கவர்.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கணக்கு நோட்டோடு சேர்ந்து நீலக் கவர்கள் பொத்தென்று விழுந்தன. அழுகின எறா நாற்றம் கோயில் வாசல் முழுக்கப் பரவியது. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். இருட்டுகிறதே, பெண்ணைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்தவள், கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கவரை எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்னுது," என்றாள். "கடல்ல போனா போயிடும்னு நெனச்சிகினு இருந்தேன். போவல." தோழியின் காலைப் பார்த்து, அப்புறம் அவள் அம்மாவைப் பார்த்தாள். "இத்துக்கு நான் தல குனியறேன். ஆனா பாட்டிலு என்னுது இல்ல, முள்ளு என்னுது இல்ல. என்னத் தொரத்திட்டீங்க, அதுங்க வந்துகினுதான் கீது. என்ன வெச்சிக்கோங்க. அதுங்கள நான் தொரத்தறேன்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்டிம்மா?"

"எறா என் கையிலதான கீது? ஒரு கை குப்ப குடுத்தாதான் ஒரு கை எறா. கவரு இனிமே கெடையாது. கொட்டாங்கச்சியில தரேன். கொட்டாங்கச்சியத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போவணும்."

யாரோ சிரித்தார்கள். தோழியின் அம்மா சிரிக்கவில்லை. குவியலையும் என் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணு வாரம்," என்றாள். "அதுக்குள்ள சுத்தமாவல, உன் கூடயத் தூக்கி நானே கடல்ல போடுவேன்."

"போடு," என்றாள் அம்மா.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாகவே இல்லை. நான் ஓட்டல் ஓட்டலாகப் போய்க் கொட்டாங்கச்சி கேட்டு வாங்கினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்க இடமில்லாமல் அறை முழுக்க நிறைந்தது. "வுடு" என்று சொன்ன அதே நைனா, சுவரில் சாய்ந்தபடி கண்ணாடித் துண்டால் நார் சுரண்டினார். யாரும் கேட்காமலே ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கோர்த்தார். "கல்லு மேல நிக்கிறவனுக்கு ரெண்டு கையும் வேணும்மே. இடுப்புல கட்டிப்பான்," என்றார். மூட்டை தூக்கிய காலத்துக்குப் பிறகு அவர் கையில் வேலை ஒன்றைப் பார்த்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா கூடையை இறக்கினாள். பக்கத்தில் கொட்டாங்கச்சிக் குவியல், எதிரில் காலிக் கோணிகள். போன வாரம் மீன் கிடைக்காத தூண்டில்காரர்கள் ஓடி வந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னாம்மா, இது மீன் புடிக்கிற எடமா, முனிசிபாலிட்டியா?"

"நான் காசு குடுக்கிறேன், நீ எறா குடு. குப்ப பொறுக்க நானா வந்தேன்?"

அம்மா கூடைமேல் ஈரக் கோணியைப் போட்டு மூடிவிட்டுக் கடலைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"நீ குடுக்காதம்மே! நான் கீறேன்!"

தோழியின் அம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, கல் மேட்டின் உச்சியில் நின்றாள். "போட்டவன் பொறுக்கு! எம் பொண்ணு கால அறுத்த முள்ளு உங்க வூட்டு முள்ளுதானே? எறங்கு! குனி!"

முதலில் இறங்கியவர் ஒரு பஸ் கண்டக்டர். இரண்டு பாட்டிலும் ஒரு நரம்புச் சிக்கலும் கொண்டுவந்து கோணியில் போட்டார். அம்மா கொட்டாங்கச்சியில் எறாவை நிரப்பி, வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே வைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவர் இறங்கினார். அப்புறம் இருவர். கொஞ்ச நேரத்தில் கல் மேடு முழுக்கக் குனிந்த முதுகுகள். சிலர் போட்டி போட்டார்கள். "எனக்கு ரெண்டு கோணிமா!" என்று ஒரு ஃபிட்டர் கத்தினார்.

ஒருவர் மட்டும் இறங்கவில்லை. துறைமுகத்தில் ஏதோ ஆபீசர். தொப்பி, கருப்புக் கண்ணாடி, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் ரீல் வைத்த வெளிநாட்டுத் தூண்டில். "நான் யார் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்," என்றாள் தோழியின் அம்மா. "போன மாசம் அதோ அந்தக் கல்லுல பாட்டில ஒடச்சவரு."

கல் மேடே சிரித்தது. அவர் சிவந்துபோய், டீக்கடையில் பன் வாங்கி வந்து அதைப் பிய்த்து முள்ளில் குத்தினார். தண்ணீர் பட்டதும் பன் கரைந்தது. மறுபடி குத்தினார், மறுபடி கரைந்தது. இந்தப் பக்கம் கண்டக்டர் கிழங்கானாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஃபிட்டருக்கு முழங்கை நீளத்தில் ஒரு கொடுவா விழுந்து எல்லோரும் கூவினார்கள். ரீல் மட்டும் வெறுமனே சுற்றிச் சுற்றி வந்தது.

பத்தரை மணி இருக்கும். ஆபீசர் தூண்டிலைக் கீழே வைத்தார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கல்லில் இறங்கினார். பாட்டில், பாக்கெட், கண்ணாடித் துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் இரண்டு விரலால் எடுத்தவர், போகப் போக முழுக்கையால் எடுத்தார். வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டபோது, தோழியின் அம்மாவே கீழே இறங்கிக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். ஒரு கோணி நிறைய இழுத்துக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

அம்மா கொட்டாங்கச்சி குவிந்திருந்த இடத்தைத் தடவினாள். "கொட்டாங்கச்சி தீந்துபோச்சு சார்," என்றாள். "கைய நீட்டுங்க."

அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். பிரசாதம் வாங்குகிற மாதிரி. அம்மா கூடையின் அடியிலிருந்த நல்ல எறாவாகப் பொறுக்கி அந்தக் கையில் வைத்தாள். யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை; கல் மேடு முழுக்கத் தட்டியது. ஆபீசரும் சிரித்துவிட்டார்.

மூன்று வாரம் தேவைப்படவில்லை. தலைவர் பேசி, ஞாயிறு மத்தியானம் குப்பை வண்டி அங்கே நின்று போக ஏற்பாடு செய்தார். பாட்டில்களைக் காயலான் கடைக்காரன் வந்து எடுத்துப் போனான். வலைத் துண்டுகளைக் குப்பத்து ஆண்களே பொறுக்கிவிட்டார்கள். தோழியின் அம்மாவின் குரல் அவர்களையும் விடவில்லை. தோழி அடுத்த வருஷம் ரிலேயில் மறுபடி கடைசி ஆளாக ஓடினாள். உங்களுக்குத்தான் தெரியுமே, கோப்பை நமக்கு வந்தது.

ஆனால் எனக்கு அந்த முதல் ஞாயிறுதான். வெயில் ஏறி, எல்லோரும் கொட்டாங்கச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அம்மா காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்தாள். நாங்கள் எப்போதும் வீட்டுக்குப் போவது லாரிகள் நிற்கும் ரோட்டோரமாகத்தான். குப்பத்துத் தெருவுக்குள் அம்மா ஒரு நாளும் நடந்ததில்லை. அன்று தோழியின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாத்துக்கு சுத்திகினு போற? வா இப்டி. வூட்ல கொயம்பு கீது."

அம்மா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நடுத்தெருவிலேயே நடந்தாள், கூடை துளிகூட ஆடாமல். பின்னால் நானும் என் தோழியும், அவள் ஒரு கை என் தோள்மேல், இரண்டு பேரும் எறா நாறிக்கொண்டு.